பஸ்ஸுக்கு எஞ்சின் மாற்றிய கதை

சென்ற பொங்கல் விழாவன்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எதிர் வரிசையில் இருந்த ஒரு தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதை நெருங்கும் தோற்றம். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்கிள், நீங்க எங்க ஸ்கூல் பஸ் அங்கிள்தானே? பஸ் நடு ரோட்டுல நின்னுபோச்சே, அன்னிக்கு நானும் அதுல இருந்தேன். அப்புறம் நீங்களே எஞ்சினை மாத்தினீங்கன்னு அப்பா சொல்வார். நிஜமாவா?"

நிஜம்தான் என்றேன். இது நம் மலர்க் குழு அன்பர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. "ஐயா, இதை நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா பிடிபடாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆகவே எழுத்தில் குற்றம் குறை இருந்தால் வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திலக் நகரில் நின்ற பஸ்

என் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு சம்பந்தப்பட்டிருப்பார்கள். நான் 1978இல் லாரி கிளீனராகத் தில்லிக்கு வந்து, பிறகு டிரைவராகி, 1989இல் பாங்கில் கடன் வாங்கி ஒரு பழைய டாடா பஸ்ஸுக்குச் சொந்தக்காரன் ஆனேன். அது 1985ஆம் வருட வண்டி. காலையிலும் பிற்பகலிலும் ஜனக்புரி, விகாஸ்புரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். பாதிக்கு மேல் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திர், கல்யாணம், சுற்றுலா என்று சவாரி வரும். அந்த ஒரே வண்டியில்தான் வீட்டு வாடகை, பாங்குத் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஓடியது.

1995இல் என் மனைவியின் தம்பி வேலை தேடி ஊரிலிருந்து வந்தான். லைசென்ஸ் வைத்திருந்தான். பொறுமையாக ஓட்டுவான். பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பான். ஸ்டீயரிங்கை அவனிடம் கொடுத்துவிட்டு நான் சவாரி பிடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டேன்.

1996 மே மாதம். கோடை விடுமுறைக்கு இரண்டே நாள் இருந்தது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. நஜஃப்கர் ரோட்டில் திலக் நகர் பக்கம் பஸ் நின்றுவிட்டதாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸுக்கு அடியில் ரோடு முழுக்க ஆயில். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிஸ்டன் பிடித்து, கனெக்டிங் ராடு முறிந்து, பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. 43 பிள்ளைகளையும் மச்சினன் பத்திரமாக இறக்கி, ஒரு துணிக்கடை சர்தார்ஜியின் நிழலில் உட்கார வைத்திருந்தான். சர்தார்ஜி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தி தெரிந்து சில அப்பாமார்களும் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார்கள்.

அவர்கள் முன்னால் நான் மச்சினனைப் பார்த்துக் கத்தினேன். "ஆயில் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்டீயரிங்? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மிச்சமிருந்த பிள்ளைகளின் பைகளை எடுத்து இறக்கினான்.

உண்மையில் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அவன் மூன்று தடவை என்னிடம் சொல்லியிருந்தான். "மாமா, வண்டி ஆயில் ரொம்பக் குடிக்குதுங்க. நேத்து ஊத்துனது இன்னிக்குப் பாதிக்கு வந்துருச்சுங்க. புகையும் நீலமா வருதுங்க." பழைய வண்டி, குடிக்கத்தான் குடிக்கும், ஊற்றி ஓட்டு என்று சொன்னவன் நான். அன்று கத்தும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கையில் இருந்த கணக்கு

பிளாக் உடைந்த எஞ்சினைப் போர் அடித்துச் சரிசெய்ய முடியாது. வேறு எஞ்சின்தான் போட வேண்டும். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் புது எஞ்சினும் கூலியும் சேர்த்து 85,000 ரூபாய் சொன்னார்கள். பாங்கில் ஏற்கெனவே இரண்டு தவணை பாக்கி. ஜூலை 1, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்று பஸ் வராவிட்டால் பெற்றோர்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டுமே.

மனைவி கேட்காமலே வளையல் நான்கைக் கழற்றி வைத்தாள். அதை அடகு வைத்த பணத்துடன் மாயாபுரிக்குப் போனேன்.

மாயாபுரியைப் பற்றித் தில்லியில் இருக்கும் அன்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். மேற்குத் தில்லியில் உள்ள பெரிய பழைய இரும்புச் சந்தை அது. உடைத்த கார், பஸ், லாரியின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாகக் குவிந்து கிடக்கும். 2010இல் கோபால்ட்-60 கதிர்வீச்சு விபத்தால் அதன் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதற்கு முன்பு எங்களைப் போன்ற வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான் அது பெரிய ஊர்.

அங்கே ஒரு வயதான சர்தார்ஜி மிஸ்திரி இருந்தார். எல்லோரும் 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் நிலைமையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கூலி கொடுக்கப் பணம் இல்லை, கை இருக்கிறது அல்லவா? நீயே மாற்று. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நான் வந்து பார்க்கிறேன். நான் சொன்னதைச் செய், சொல்லாததைச் செய்யாதே" என்றார். அவருக்கு ஒரு சிறு தொகை பேசினோம். செயின் பிளாக்கும் மூன்று கால் ஸ்டாண்டும் வாடகைக்குக் கொடுத்தார்.

எஞ்சின் வாங்குவதிலும் அவரே வழி காட்டினார். எங்களுக்கு வேண்டியது டாடா 697. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 128 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 5675 சி.சி. நான்கு சிலிண்டர் என்றால் 497. ஜாம்ஷெட்பூரில் டாடாவும் மெர்சிடிஸ்-பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாகத் தொழில் நடத்தினார்களே, அந்த வழியில் வந்த எஞ்சின்.

பழைய எஞ்சின் வாங்குவது பெண் பார்ப்பது மாதிரி, அலங்காரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பார் உஸ்தாத். புதுப் பெயிண்ட் அடித்ததைத் தொடவே விடவில்லை. மேல் மூடியைக் கழற்றி உள்ளே கசடு இருக்கிறதா என்று பார்த்தார். கிராங்க்கைக் கையால் சுற்றச் சொல்லி, ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே மாதிரி எதிர்க்கிறதா என்று பார்த்தார். கீழே ஆயில் சம்பைக் கழற்றி பேரிங்கைப் பார்த்தார். கடைசியாக எஞ்சின் எண்ணைத் துணியால் துடைத்து, அடித்துத் திருத்திய தடம் இல்லை என்று தெரிந்த பிறகே விலை பேசினார். 26,000 ரூபாய். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு ரசீது வாங்கச் சொன்னார். அந்த ரசீதின் அருமை பிறகுதான் தெரிந்தது.

வேப்ப மரத்தடி ஒர்க்‌ஷாப்

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு வேப்ப மரம் இருந்தது. பஸ்ஸைக் கட்டி இழுத்துவந்து அங்கே நிறுத்தினோம். ஜூன் மாதம். பகலில் 'லூ' காற்று முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி வீசும். இரும்பைத் தொட முடியாது. அதனால் விடிகாலை நாலரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துவோம். மாலை ஐந்துக்கு மேல் மறுபடியும். நானும் மச்சினனும்தான். வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை.

முதல் நாள் பாட்டரி ஒயரைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் வடித்தோம். பிறகு டீசல் குழாய், தண்ணீர் ஹோஸ், பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் குழாய், ஆக்ஸிலேட்டர் கம்பி, செல்ஃப் ஒயர், சைலன்ஸர் பைப், ஏர் கிளீனர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கழற்றுவது சுலபம், திரும்ப மாட்டும்போதுதான் எது எங்கே என்று திண்டாட வேண்டும். பத்து வயது மகள் நோட்டுப் புத்தக லேபிள்களில் அ, ஆ, இ என்று எழுதிக் கொடுத்தாள். குழாயில் 'அ' என்றால் அது மாட்டவேண்டிய வாயிலும் 'அ'. மாலையில் வந்த உஸ்தாத் அதைப் பார்த்து, இது என்ன எழுத்து என்று கேட்டார். மகள் சொல்லிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து "அந்த 'ஊ' குழாயை இறுக்கினாயா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாம் நாள் முன் கிரில்லையும் ரேடியேட்டரையும் எடுத்தோம். அந்த வகை பஸ்ஸில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும். முன்பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து நிறுத்தி, அதையும் எஞ்சினையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றினோம். மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஒரே ஒரு போல்ட் எங்கள் அரை நாளைத் தின்றது. கெரசின் ஊற்றி ஊறவிட்டு, கடைசியில் ஒல்லியான கை உள்ள மச்சினன்தான் அதைக் கழற்றினான்.

மூன்றாம் நாள் எஞ்சினைத் தூக்கினோம். ஏறக்குறைய அரை டன் இரும்பு சங்கிலியில் தொங்கும்போது வயிற்றைக் கலக்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் கனமான பலகை போடச் சொல்லியிருந்தார் உஸ்தாத். இரண்டு காலுக்குப் போட்டேன். மூன்றாவதற்குப் பலகை போதவில்லை, செங்கல் போதும் என்று விட்டேன். எஞ்சின் வெளியே வந்து பாதி வழியில் தொங்கும்போது அந்தச் செங்கல் நொறுங்கியது. ஸ்டாண்டு சாய்ந்தது. எஞ்சின் ஓரடி நகர்ந்து ஆடியது. நான் நின்ற இடத்துக்குத்தான் அது வந்திருக்கும். அதற்குள் மச்சினன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டான். இருவரும் மண்ணில் விழுந்தோம்.

எழுந்து தட்டிக்கொண்டு, "மாமா, பலகை நான் கொண்டாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நான்காம் நாள் வாங்கிய எஞ்சினை ஏற்றினோம். புது கிளட்ச் பிளேட்டை நடு மையத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு உஸ்தாத் ஒரு பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்டைக் கொடுத்திருந்தார். அதை உள்ளே விட்டு பிளேட்டை நேராக்கி, பிறகு கிளட்ச் கவரை இறுக்க வேண்டும். அப்படிச் செய்தும் கடைசி இரண்டு அங்குலம் எஞ்சின் கியர் பாக்ஸோடு சேர மறுத்தது. போல்ட்டை மாட்டி இறுக்கி இழுத்துவிடலாமா என்று கை துடித்தது. அப்படி இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடைந்துவிடும் என்று அவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். கிராங்க் புல்லியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினோம். ஷாஃப்டின் பல் பிளேட்டின் பல்லில் விழுந்ததும், 'டக்' என்று தானே உள்ளே போனது. பலத்தால் ஆகாத வேலை இதம் தெரிந்தால் ஆகிறது.

உஸ்தாத் கேட்ட கேள்வி

ஐந்தாம் நாள் மாலைக்குள் எல்லா லேபிளும் ஜோடி சேர்ந்துவிட்டன. இனி ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்வதுதான் பாக்கி. உஸ்தாத் வந்தார். சுற்றிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி. பழைய எஞ்சின் ஏன் செத்தது?"

"பழசு, உஸ்தாத். ஆயில் கவனிக்கவில்லை" என்றேன். மச்சினன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

"ஆயில் குறைந்தது நோயா, நோயின் அடையாளமா? அது தெரியாமல் புது எஞ்சினை ஓடவிட்டால், இதையும் அதே குழியில்தான் புதைப்பாய்."

வேப்ப மரத்தடியில் கிடந்த பழைய எஞ்சினிடம் போனார். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, எங்கள் முன்னால் நீட்டினார். விரல் நுனியில் மாவு மாதிரி மெல்லிய செம்மண் தூசி. ஹெட்டைக் கழற்றச் சொன்னார். லைனரின் மேல் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. ரிங் ஓடிய இடமெல்லாம் அவ்வளவு தேய்ந்திருந்தது.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதால் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஆக அது வாழ்வது காற்றால். அந்தக் காற்றில் மண் கலந்தால், உள்ளே ஆயிலோடு சேர்ந்து வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடுகிறது. ரிங்கும் லைனரும் தேயும். தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப் புகை. அழுத்தம் குறையும், புல்லிங் போகும். ஒருநாள் ரிங் உடைந்து பிஸ்டன் பிடிக்கும். மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து தில்லிக்கு வரும் புழுதிப் புயலான 'ஆந்தி'யைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றில் எவ்வளவு மண் என்று தெரியும். அதைத் தடுக்கத்தான் ஏர் கிளீனர்.

"கிளீனர் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து எஞ்சினுக்கு வரும் ஹோஸ் எங்கே?" என்றார்.

'ஏ' லேபிள் ஒட்டிய ஹோஸ். அன்று காலைதான் மாட்டியிருந்தேன். கழற்றிக் கொடுத்தேன். அதன் மேல் ஒரு சைக்கிள் டியூப் துண்டு சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. தூசியும் ஆயிலும் படிந்து ஹோஸோடு ஹோஸாகிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. உஸ்தாத் கம்பியை அறுத்தார். சூட்டில் மக்கிப்போன டியூப் பிய்ந்து வந்தது. ஹோஸை மேற்கே சூரியனுக்கு நேராகப் பிடித்து, உள்ளே பார்க்கச் சொன்னார். நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதன் வழியே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

"இந்தக் கட்டு யார் போட்டது?"

நான்தான் போட்டேன். 1994 ஜனவரிப் பனியில் ஒரு காலை வேளையில் ஹோஸ் வெடித்திருப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் டியூபைச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காஷ்மீரி கேட்டுக்குப் போய்ப் புது ஹோஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அறுபது ரூபாய் சாமான். அந்த ஞாயிற்றுக்கிழமை சவாரி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் வந்துவிட்டது. பிறகு மறந்தே போனேன். மச்சினன் தில்லிக்கு வந்ததே அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான்.

இரண்டு கோடைக்கால ஆந்தியை அந்த வெடிப்பு வழியாக எஞ்சினுக்கு ஊட்டியது நான். ஆயில் குடிக்கிறது என்று மூன்று தடவை சொன்னது அவன். ரோட்டில் வைத்துத் திட்டு வாங்கியதும் அவன்தான்.

உஸ்தாத் என் முகத்தைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்குப் புதுசு வாங்கி வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது மச்சினனிடம், "மாப்பிள்ளை, தப்பு உன்மேல இல்ல. என்மேலதான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "உடுங்க மாமா. நாளைக்குக் காலையில ரேடியேட்டரையும் கழுவிப் போட்டரலாமுங்க" என்றான்.

ஸ்டார்ட் ஆன காலை

புது ஹோஸ், புதுக் கிளிப் மாட்டினோம். ஏர் கிளீனரைக் கழுவி ஆயில் மாற்றினோம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தோம். உடனே ஸ்டார்ட் செய்ய உஸ்தாத் விடவில்லை. டீசல் போகாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் மீட்டரில் முள் எழும் வரை பொறுக்கச் சொன்னார். பேரிங்குகளுக்கு முதலில் ஆயில் போய்ச் சேரவேண்டுமாம். பிறகு டீசல் லைனில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப் பம்பை அடித்தால் முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

சாவியை நான் மச்சினனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை உறுமி நின்றது. மூன்றாவது தடவை வெள்ளைப் புகையோடு பிடித்துக்கொண்டது. புகை தெளிந்து, ஆறு சிலிண்டரும் ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியதும் மகள் கைதட்டினாள். உஸ்தாத் பிரீத்தர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் திருப்தியானார். கிளட்ச், பேக்கிங், ஆயில், வாடகை, உஸ்தாதின் தொகை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 34,000 ரூபாய்.

ஆனால் வண்டி ஓடினால் மட்டும் போதாது. எஞ்சின் மாற்றினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அது. அங்கேதான் மாயாபுரி ரசீது கைகொடுத்தது. ரசீது இல்லாத எஞ்சின் திருட்டு எஞ்சின் என்று சந்தேகப்பட இடம் உண்டு. நாலைந்து நாள் அலைச்சலில் அந்த வேலையும் முடிந்து, எஃப்.சி.யும் கிடைத்தது.

ஜூலை 1 காலை ஆறரை மணிக்கு முதல் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஸ்டீயரிங்கில் மச்சினன்தான். ஆறு பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஏறினார்கள்.

மீதிக் கணக்கு

அந்த எஞ்சின் ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தில்லிக் காற்றைச் சுத்தப்படுத்த உத்தரவு போட்டது. எட்டு வயதைத் தாண்டிய பஸ்கள் 2000 ஏப்ரலிலிருந்து சி.என்.ஜி. அல்லது வேறு தூய எரிபொருளில் மட்டுமே ஓடலாம். 2001 மார்ச்சுக்குள் நகரத்து பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்றார்கள். நல்ல உடம்போடு இருந்த எஞ்சினை 2000இல் வண்டியோடு விற்றேன். வருத்தம்தான். ஆனால் அதே தெருவில் இருமிக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் நான்தானே ஏற்றிச் சென்றேன். உத்தரவு தவறு என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று யாராவது இதைப் படித்துவிட்டு மரத்தடியில் எஞ்சினைக் கழற்ற வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் எங்கு பார்த்தாலும் சென்சாரும் கம்ப்யூட்டரும். அது வேறு படிப்பு. ஆனால் உஸ்தாத் கேட்ட கேள்வி எந்த வண்டிக்கும் பொருந்தும். ஒரு சாமான் கெட்டால் மாற்றுவதற்கு முன் ஏன் கெட்டது என்று கேளுங்கள். 'தற்காலிகம்' என்று கட்டிய கட்டு ஏதாவது உங்கள் வண்டியிலோ வீட்டிலோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துப் பாருங்கள்.

முதலில் சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். நான் மச்சினனைத் திட்டியது நடுரோட்டில், பெற்றோர்கள் முன்னால். தப்பை ஒப்புக்கொண்டதோ இருட்டில், மொட்டை மாடியில், யாரும் இல்லாதபோது. பஸ் ஏன் நின்றது என்று பிறகு பெற்றோர்கள் கேட்டபோதெல்லாம் "பழைய எஞ்சின்" என்று மழுப்பினேன். "அந்தப் பையன் கவனிக்காமல் விட்டுவிட்டான், பாவம்" என்று ஒருவர் சொன்னபோது நான் மறுக்கவும் இல்லை. அது சரியான கணக்கு அல்ல.

மச்சினன் 2003இல் ஊருக்குத் திரும்பி, இப்போது சங்ககிரியில் சொந்தமாக லாரி ஒர்க்‌ஷாப் நடத்துகிறான். அன்று திலக் நகரில் நின்ற பெற்றோர்களில் பலர் இன்றும் நம் சங்க உறுப்பினர்கள். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. அவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பையன் ஒவ்வொரு நாளும் ஆயில் பார்த்தான். எச்சரிக்கவும் செய்தான். எஞ்சினைக் கொன்றது என் கையால் போட்ட கட்டு.

மலர் அச்சானதும் ஒரு பிரதியைச் சங்ககிரிக்கு அனுப்பப் போகிறேன்.